முதலில் கால், அப்புறம் வாய்

மார்ச் 4

சங்கு,

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். இங்கே இப்போதும் சிக்னல் கிடைப்பது கடைத்தெரு முனையில், பேக்கரி வாசலில் மட்டும்தான். அங்கே நின்று இதைப் பேச வெட்கமாக இருக்கிறது. பேக்கரிக்காரர் ஒரு காதால் ரொட்டி விற்பார், இன்னொரு காதால் ஊரை விற்பார். உனக்குத் தெரியாததா?

போன வியாழக்கிழமை வெந்நீர் ஊற்றில், பெண்கள் குளத்தில் ஒரு அம்மாவுக்குக் கால் வெந்துவிட்டது. இரண்டு காலும், முழங்காலுக்குக் கீழே. என் கையால்.

பெரிய சாலையில் மண் சரிந்து கிடந்ததால் வண்டிகள் எல்லாம் நம் ஊர் வழியாகத் திருப்பி விடப்பட்டன. அப்படி வந்த இரண்டு பெண்கள் மத்தியானம் குளிக்க இறங்கியிருக்கிறார்கள். துண்டு கொடுக்கும் அக்கா சாப்பிடப் போயிருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம். குளம் ஆறிப்போகும் நேரம். குழாயைத் தட்டிவிட்டு, "வெந்நீர் வருது! உள்ள யாரு?" என்று கூப்பிட்டேன். "இருக்கோம்" என்று யாராவது சொல்லியிருந்தால், "ஏறியாச்சு" என்று அடுத்த குரல் வரும்வரை கை மதகுச் சக்கரத்தைத் தொட்டிருக்காது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் இல்லை. ஆள் இல்லை என்று மதகைத் திறந்தேன்.

பிறகு அந்த அலறல். இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு பெண்களும், யாரும் கூப்பிடவே இல்லை என்கிறார்கள். அந்த அம்மா எழுதியே கொடுத்துவிட்டார். மேனேஜர் போன வருடம் வந்தவர், வெளியூர்க்காரர். என்னை நிற்க வைத்தே கேட்டார். "நீங்க மறந்திருக்கலாம்ல?" நான் கூப்பிட்டேன் சார் என்றேன். "ரெண்டு பேர் பொய் சொல்வாங்களா?" முன்பின் தெரியாதவர்கள் என்மேல் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்கள்?

உன் அண்ணியிடம் சொன்னேன். "வீட்டுல நான் கூப்பிட்டா காது கேக்காது. அங்க போய்க் கூப்பிட மட்டும் வாய் இருக்கோ"ன்னு ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது துண்டு அக்கா வராத நாளெல்லாம் நீதானே உள்ளே நிற்பாய். "முதல்ல கால், அப்புறம் வாய். மேல் படிக்கு ஏறிட்டு அப்புறம் கத்து"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ ஏறி நின்று கத்தினால் எதிர் மலை திரும்பக் கத்தும். மில் சங்கு ஊதுகிறதா, நம் வீட்டுச் சங்கு ஊதுகிறதா என்று ஊரே கேட்கும். நீ உள்ளே இருந்த நாளில் ஒரு கொப்புளம்கூட யாருக்கும் வந்ததில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். தினமும் கூப்பிடுகிறவன் அன்றைக்கும் கூப்பிட்டிருப்பானா, இல்லை கூப்பிட்டதாக நினைத்துக்கொள்வானா? நீ படித்தவள். சொல்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

கல்லூரியில் தேர்வு நேரம். விடைத்தாள்கள் மேசை முழுக்க. உடனே எழுத முடியவில்லை.

நீ கேட்டதற்கு என்ன சொல்வது? பழகிய வேலையை உடம்பு செய்துவிடும், மனசு பதிவு செய்யாது. கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் யோசிப்பதில்லையா? அந்த மாதிரி இருக்கலாம். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமலும் இருந்திருக்கலாம். அந்த நீலச் சுவர் வேறு கனமானது, ஆவியில் குரல் கரைந்துவிடும். யார்மேலும் தப்பில்லாமலும் சில காரியங்கள் நடக்கும்.

இதை இழுக்காதே. மேனேஜரிடம் வாதாடாதே. ஒருவேளை மறந்திருப்பேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடு. வேலை நிலைக்க வேண்டும். ஊரில் இரண்டு நாள் பேசுவார்கள், பிறகு வேறு பேச்சு வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சங்கு


மார்ச் 15

சங்கு,

நீ சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். "கூப்பிட மறந்துவிட்டேன்." எழுதும்போது கை கூசியது. எழுதி முடித்ததும் ஒரு வேடிக்கை பார். அன்றைக்கு நான் கூப்பிடவில்லை என்பது எனக்கே நினைவுக்கு வர ஆரம்பித்துவிட்டது. சக்கரத்தைப் பிடித்தபடி வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தது போல ஒரு படம் கண்ணில் நிற்கிறது. நேற்று வரை இல்லாத படம். படித்தவள் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மதகிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். துண்டு துவைக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். துண்டு அக்கா, "வாங்க சார், சோப்பு நுரைக்கும் குரல் கொடுத்துட்டுத்தான் கை வைப்பீங்களா?" என்றாள். நான் சிரித்தேன். அவளுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. சாப்பிடப் போகாமல் இருந்திருக்கலாமே என்று அவளுக்கு ஒரு குறை.

வீட்டிலும் தொல்லையாகிவிட்டது. வெளியே கிளம்பும்போது "கதவைப் பூட்டினியா" என்று அண்ணியைக் கேட்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று திரும்பிப் போகிறேன். தொட்டதையெல்லாம் இன்னொரு முறை தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுவருக்கு நீலம் அடித்தது இந்த வருடம்தான். நீ நாலு வருடமாக வரவில்லையே, எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அண்ணி போனில் சொல்லியிருப்பாள். அவள் வாயில் எது தங்கியிருக்கிறது?

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. அந்த அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் ஒடிந்த காக்காய்க்கே அழுத பிள்ளை நீ. தேர்வு வேலை உன்னை அவ்வளவு வாட்டுகிறதா?

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நேரில் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். மேனேஜரைக் கெஞ்சி முகவரி வாங்கிவிட்டேன். உன் ஊர்தான்! தண்ணீர்த்தொட்டித் தெருவாம், தபால் நிலையத்துக்குப் பின்னால் மாடி வீடு. உனக்குப் பக்கம்தானே? நீ என்னோடு வர வேண்டும். எனக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ பேசு. நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், அது நன்றாக வரும்.

வந்த கையோடு உன் மாப்பிள்ளை வீட்டாரையும் பார்த்துவிடலாம் என்கிறாள் அண்ணி. பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணனை மறைத்து வைப்பாய்? நல்ல சட்டை ஒன்று இருக்கிறது. இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

வர வேண்டாம். எனக்கு நேரமில்லை. தேர்வு முடியட்டும்.

அந்த வீட்டுக்குப் போகவே போகாதே. காயம் பட்டவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது.

சங்கு


மார்ச் 22

சங்கு,

நேரமில்லை என்று எழுத நேரம் இருந்திருக்கிறது. நல்லது.

அந்தக் கடிதத்தை அண்ணி படித்தாள். "உங்களைப் பக்கத்துல நிறுத்திக்க அவளுக்குக் கூச்சமா இருக்கு. அது புரியலையா உங்களுக்கு?" என்றாள். அவளைத் திட்டிவிட்டேன். என் வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்துவிட்டது. இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுகிறாள்.

அப்படி இல்லை என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். அவளிடம் காட்டிவிடுவேன்.

தேர்வு முடியும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. வெந்த காலுக்கு உரியவர் முகத்தைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உனக்குச் சிரமம் வேண்டாம். தனியாகவே போகிறேன். வழி கேட்டால் யாராவது சொல்வார்கள்.

அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

அண்ணி சொன்னது சரி. திட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.

பஸ் ஏறாதே. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நீ கூப்பிட்டாய். முதல் தடவை குழாயைத் தட்டிவிட்டு. பிறகு ஒரு இருமல். இரண்டாவது தடவை தட்டாமல், குரலைக் கொஞ்சம் உயர்த்தி. இது நிச்சயம். இதில் சந்தேகமே வேண்டாம்.

உள்ளே இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி நான்.

இந்த வரிக்குப் பிறகு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த அம்மா, நான் கட்டிக்கொள்ளப் போகிறவரின் அம்மா. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் அக்காவுக்கு என்னைக் காட்டக் கூட்டிப் போனார். அம்மாவும் நானும் வாடகைக் கார் டிரைவரும். பாதையில் மண் சரிந்திருந்தது. டிரைவர் வண்டியைத் திருப்பினார். ஊர் வருவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. "என்ன நாத்தம் இது, முட்டை அழுகின மாதிரி?" என்றார் அம்மா. எனக்கு அது வீட்டு வாசனை. கண்ணாடியை ஏற்றினேன்.

சாக்கடை மூடிகளின் சூட்டில் பூனைகள் படுத்திருந்தன. வெந்நீர்க் குழாய்மேல் யாரோ குழந்தைத் துணி காயப் போட்டிருந்தார்கள். தையல்கடைக் கண்ணாடியில் அதே ஆவி. அதில் யாரோ விரலால் வரைந்த அதே மீசை. அழுகை வந்தது. தூசி என்றேன்.

"முட்டி வலிக்கு நல்லதுன்னு போர்டு வச்சிருக்கான். இறங்குவோமா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். இது என் ஊர், என் அண்ணன்தான் இங்கே மதகு திறக்கிறார். ஆனால் முதல் முறை அந்த வீட்டுக்குப் போனபோதே கேட்டிருந்தார்கள். அண்ணன் என்ன செய்கிறார்? தண்ணீர் சம்பந்தமான வேலை. இன்ஜினியரா? அந்த மாதிரி.

அந்த மாதிரி. அந்த இரண்டு வார்த்தைக்குள் ஒரு வருடம் குடியிருந்துவிட்டேன்.

வேண்டாம் அம்மா, நேரமாகிறது என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ஊர் வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது. நீ வேண்டியிருக்கவில்லை. நீ இல்லாத நம் ஊர் கொஞ்ச நேரத்துக்குக் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

துண்டு அக்கா சாப்பிடக் கிளம்பும்வரை தலைவலி என்று சொல்லி அம்மாவைக் காரிலேயே உட்கார வைத்தேன். அவள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தபடி இருந்தேன். பிறகுதான் இறங்கினோம். அவள்மேல் ஒரு குறையும் இல்லை. அவளிடம் சொல்.

அம்மா வெள்ளி மோதிரத்தோடு தண்ணீரில் இறங்கினார். நம் கந்தகத் தண்ணீர் வெள்ளியைக் கறுப்பாக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார். மோதிரம் கறுத்ததும், "ஐயையோ, இது என்ன அபசகுனம்" என்றார். அப்போதும் சும்மா இருந்தேன். அண்ணா, அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு மோதிரத்துக்கு வாயை மூடியவள்.

அவர் முட்டியைக் குழாய்வாய்க்கு நேரே நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, காது வரை தண்ணீரில் கிடந்தார். "சொர்க்கம்டீ பொண்ணே" என்றார். அப்போதுதான் நீ குழாயைத் தட்டினாய்.

நாலு வருடம் கழித்து உன் குரல். வயதாகியிருந்தது.

"இருக்கோம்" என்று நான் சொல்லியிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். "சங்கா?" என்று சுவர் அதிரக் கத்தியிருப்பாய். அண்ணியைக் கூப்பிட்டிருப்பாய். ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்திருப்பாய். அம்மா உன்னைப் பார்த்திருப்பார். இதெல்லாம் உன் முதல் கூப்பாட்டுக்கும் இரண்டாவது கூப்பாட்டுக்கும் நடுவில் என் கண்முன் ஓடியது.

"அம்மா, மேல வாங்க" என்று சொன்னேன். கிசுகிசுப்பாக. சுவரைத் தாண்டக்கூடாது என்று அளந்த குரல். சுவரைத் தாண்டவில்லை. அவர் காதுக்கும் எட்டவில்லை.

பிறகு மேனேஜர் அறை. காலில் ஈரத்துணி சுற்றி அம்மாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். "ஒரு மனுஷன் குரல் கொடுக்க வேண்டாமா? நீயே சொல்லு, யாராவது கூப்பிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார். தலையை ஆட்டினேன். இல்லை என்று. ஜன்னல் வழியாக நீ தெரிந்தாய். யாரோ உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நீ சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். நான் சால்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

ஆனால் நான் அதிகம் வெட்கப்படுவது அதற்கு இல்லை. குளத்தில் பயம், மேனேஜர் அறையில் பயம் என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். உனக்குப் பதில் எழுதியபோது என்ன பயம்? மேசை, விளக்கு, பேனா, எல்லாம் இருந்தது. யோசிக்க நேரம் இருந்தது. யோசித்துத்தான் எழுதினேன். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடாமலும் இருந்திருக்கலாம். அந்த அம்மாவுக்கு வெந்தது கால். உன்னிடம் நான் வேகவைத்தது வேறு. அடுப்பை அணைத்தேனா என்று நீ திரும்பிப் போகிறாய் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அப்படியும் "வர வேண்டாம்" என்று எழுதினேன், பார்.

இன்று சாயங்காலம் தண்ணீர்த்தொட்டித் தெருவுக்குப் போனேன். அம்மா காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் தோல் வந்துவிட்டது. இன்னொன்று ஆறுகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் கேட்டார்:

"அப்ப அந்த மனுஷன் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார்."

"நான்தான் பொய் எழுதிக் குடுத்திருக்கேனா?"

"உங்களுக்குத் தெரியாதும்மா."

"தெரியாம எழுதினாலும் எழுதினது நான்தானே? இந்த வயசுல என்னைப் பொய்ச்சாட்சி ஆக்கிட்டியே."

கால் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ மதகு திறக்கிறவன் என்பதைப் பற்றியும் சொல்லவில்லை. அது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. இதற்காகவா ஒரு வருடம் பயந்தேன் என்று அங்கே நின்றபோது தோன்றியது. பேப்பரும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். தான் எழுதியது தவறு, கூப்பிட்டது உண்மை என்று மேனேஜருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் அதன் கீழே எழுதினேன். இத்துடன் இருக்கிறது.

கிளம்பும்போது, "என் பையன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா மாமியார் கொடுமைன்னு ஆயிடும்" என்றார். சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத் தகுதி இல்லை. நீ கூப்பிட்டாய். அதை மட்டும் நம்பு.

சங்கு


ஏப்ரல் 2

சங்கு,

கூரியர்க்காரர் சனிக்கிழமை வந்தார். நான் பையில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டிருக்கிறேன். இருமியதைக்கூட நீ எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "இருமலை அவளே ஒப்புக்கிட்டாளே, அது போதும். மருந்து வாங்குங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்" என்றாள். அப்படி ஆரம்பித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

காகிதத்தை மேனேஜரிடம் கொடுத்தேன். நிற்க வைக்கவில்லை, உட்காரச் சொன்னார். திங்களிலிருந்து மறுபடி மதகு. அடுப்பை அணைத்தால் அணைத்ததுதான், திரும்பிப் போவதில்லை.

உன்மேல் கோபம் வர வேண்டும். இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அண்ணிக்கு வந்துவிட்டது. எனக்கும் சேர்த்து அவளே படுகிறாள்.

எனக்கு வேறு ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை தேடிப் பார்த்துவிட்டேன். எங்கேயும் இல்லை. நீ உள்ளே இருந்திருக்கிறாய். நான் மதகைத் திறந்திருக்கிறேன். சக்கரத்தைப் பிடித்தால் திருப்ப மனம் வரவில்லை.

உன் காலில் பட்டதா? எவ்வளவு பட்டது? மருந்து போடுகிறாயா? யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருக்கிறாயா? வெந்த புண்ணை மூடக்கூடாது. இதை மட்டும் மறைக்காமல் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

அந்த அம்மா இதைக் கேட்கவில்லை. சொன்னபோது அவர் பையனும் கேட்கவில்லை. நீ மட்டும்தான் கேட்டிருக்கிறாய். கேட்காமல் இருந்திருந்தால் இதையும் சொல்லாமலே இருந்திருப்பேன்.

என் காலில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

நீ குழாயைத் தட்டியதுமே நான் ஏறிவிட்டேன். யோசிக்கவில்லை. கால் தானாகவே ஏறியது. நீ இரண்டாவது தடவை கூப்பிட்டபோது மேல் படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாவின் கை எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அங்கே நின்றுதான் கிசுகிசுத்தேன். அங்கே நின்றுதான் பார்த்தேன்.

முதல்ல கால், அப்புறம் வாய். நீ சொல்லிக் கொடுத்ததில் பாதியைச் செய்தேன்.

நீ தயங்காமல் சக்கரத்தைத் திருப்பு.

வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் வருகிறேன். பேக்கரி வாசலிலேயே இறங்குவேன், யார் பார்த்தாலும் சரி. தெருவில் நடந்து வந்து வீட்டுக்கு வெளியே நின்று, என் குரலில், உரக்கக் கூப்பிடுவேன்.

பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இருவர் இஷ்டம்.

சங்கு